ஐந்தாவது ஆட்டத்துக்கு ஆள் தேடியது

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க ஐந்து பேரிடம் மாற்றி மாற்றிப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் வந்து என்னோடு ஒரே ஒரு செஸ் ஆட்டம் ஆட வேண்டும், அவ்வளவுதான். நான் ஜெயித்தாலும் தோற்றாலும் டிரா ஆனாலும் எனக்குச் சரி. ஐந்து பேருமே என்மேல் மரியாதை உள்ளவர்கள். ஐந்து பேரும் தட்டிக் கழித்தார்கள். அவர்களை அப்படிச் செய்ய வைத்தது நான் என் கையால் எழுதிய விதி.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மேலே உள்ள மாடியில் எங்கள் செஸ் கிளப் நடக்கிறது. மகளை அங்கே வகுப்புக்கு அழைத்துப் போய், கீழே உட்கார இடமில்லாமல் மாடியிலேயே காத்திருந்துதான் நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். அவள் ஒரே வருஷத்தில் போதும் என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. ஆண்டுதோறும் பெரியவர்களுக்கு ஒரு லீக் நடக்கும். பத்துப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒரு முறை ஆட வேண்டும், ஞாயிற்றுக்கு ஓர் ஆட்டம். முதல் நான்கு இடத்துக்குள் வருகிறவர்கள் கிளப் சார்பில் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு கிட்டத்தட்டப் போயிருப்பேன். அந்த வருஷம் ஒரு கல்லூரி மாணவன் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, பரீட்சை என்று விலகிக்கொண்டான். பழைய வழக்கப்படி அவனோடு ஆடாத ஆறு பேருக்கும் சும்மா ஒரு புள்ளி. அவனோடு ஏற்கெனவே ஆடித் தோற்றுப்போயிருந்த எனக்குப் பூஜ்யம். அரைப் புள்ளி வித்தியாசத்தில் ஐந்தாவதாக வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, ஒருவன் பாதியில் ஓடிப்போனால் அவனோடு முதலிலேயே ஆடித் தொலைத்தவர்களுக்குத் தண்டனை, காத்திருந்தவர்களுக்குப் பரிசா என்று ஒரு பிடி பிடித்தேன். செயலாளர் ஓய்வுபெற்ற சர்வேயர், சத்தம் பிடிக்காதவர். "அப்ப நீங்களே ஒரு விதி எழுதிக் குடுத்துருங்க மேடம்" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். விலகுகிறவர் பாதிக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவருடைய எல்லா ஆட்டங்களும் ரத்து. பட்டியலில் அவர் இல்லை என்றே கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் ஆடியது ஆடியபடி நிற்கும், ஆடாதவர்களுக்கு ஒரு புள்ளி. வெளியூர் போகிறவர்கள் வேறு இடத்தில் வைத்து முன்கூட்டியே ஆடிக்கொள்ளலாம். கடைசியாக, பின்னால் தகராறு வரக்கூடாது என்று, ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்து இருவரும் கையெழுத்துப் போட்ட ஸ்கோர் ஷீட்டே முடிவு, அதை யாரும் மாற்ற முடியாது என்றும் சேர்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தத் தாள் நோட்டீஸ் போர்டில் என் கையெழுத்திலேயே ஒட்டப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சென்ற ஆண்டு லீக்கில் நான்கு ஆட்டம் ஆடினேன். இரண்டு தோல்வி, ஒரு டிரா. மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் முதலிடத்துக்காரரை ஜெயித்தேன். அவர் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நேராகக் கிளப்புக்கு வருவார். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் எங்களில் யாரிடமும் தோற்று நான் பார்த்ததில்லை. அன்று ஒரே ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு அதைக் கடைசிக் கட்டம் வரை தள்ளிக்கொண்டு போனேன். அவர் ராஜாவைச் சாய்த்துவிட்டு, "சுத்தமான ஆட்டம் மேடம்" என்று கை கொடுத்தார். படியிறங்கி வந்து ஏற்காடு ரோட்டில் வண்டியை எடுக்க முடியாமல் நின்று அழுதேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து மகளுக்கு நீட் முடிவு வந்தது. மதிப்பெண் போதவில்லை. அவள் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. இன்னொரு வருஷம் நாமக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துப் படிக்க வைப்பது என்று வீட்டில் முடிவானது. அங்கே பிள்ளையைச் சேர்க்கிற குடும்பங்கள் பக்கத்திலேயே வீடு பிடித்து அம்மாவைக் கூடவே குடிவைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். திங்கட்கிழமை வகுப்பு என்று வியாழக்கிழமை போன் வந்தது. என் ஐந்தாவது ஆட்டம் இருந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் அடுப்பையும் பாத்திரத்தையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் இருந்து சேலம் என்ன தூரம், ஞாயிறு மட்டும் வந்து போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். மகளை ஒரு மணி நேரம்கூடத் தனியாக விடக்கூடாது என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன், அவள் இருந்த இருப்பு அப்படி. அவருக்கு லாரி ஆபீஸ் வேலை, ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஆகவே நான் லீக்கிலிருந்து விலகியே ஆக வேண்டும். செயலாளரிடம் சொன்னேன்.

"நீங்க நாலு ஆடியிருக்கீங்க மேடம். ஒம்போதுல பாதி நாலரை."

"தெரியும் சார்."

"இன்னும் ஒண்ணு ஆடிட்டா நிக்கும். அடுத்த ஞாயிறு வரைக்கும் நான் உங்க பேரை அடிக்காம வைக்கறேன். யாரையாவது அங்க வரச்சொல்லி ஆடிருங்க."

அப்போதுதான் நான் எழுதிய விதி எவ்வளவு லட்சணமானது என்று எனக்கே தெரிந்தது. என்னோடு ஆடாதவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் வந்து ஆடினால் என் கணக்கு ஐந்தாகிவிடும். ஆடாத மற்ற நான்கு பேருக்கும் உட்கார்ந்த இடத்தில் ஒரு புள்ளி. வந்து ஆடுகிறவருக்கு மட்டும் தோற்கிற அபாயம். ஆக, நான் ஐந்தாவது ஆட்டம் ஆட வேண்டும் என்று ஐந்து பேருமே ஆசைப்பட்டார்கள். அது தன்னோடு இருக்கக்கூடாது என்றும் ஐந்து பேரும் ஆசைப்பட்டார்கள். பல் டாக்டருக்குக் கிளினிக்கில் கூட்டம். அயோத்தியாப்பட்டணத்துக்காரருக்கு மச்சான் வீட்டில் விசேஷம். பேங்க்கில் இருப்பவர், "அவருகிட்டக் கேட்டீங்களா?" என்று நான்காமவரைக் கைகாட்டினார். அந்த நான்காமவர் போனையே எடுக்கவில்லை.

சமையலறையில் நின்றபடி, மகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று என்று கூப்பிட்டேன். எனக்கு வெட்கமாகவே இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த வெற்றி கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. ஞாயிறு வந்தால் என் பெயர்மேல் ஒரு கோடு விழும். அவர் யாரிடமும் தோற்கவில்லை என்று ஆகிவிடும். நான் அந்த மாடிக்கு வரவே இல்லை என்று ஆகிவிடும். சோறு வடிக்கும்போது அதை நினைத்துக் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஐந்தாவது ஆள் அவராகவே கூப்பிட்டார். ஆட்டையாம்பட்டியில் தறி வைத்திருக்கிறவர், என்னைவிட வயதில் சின்னவர், அதுவரை வேலை இருக்கிறது என்றே சொல்லிவந்தவர்.

"ஏனுங்க்கா, இன்னும் ஆள் கெடைக்கலீங்களா?"

"இல்லப்பா. நீயாச்சும் வாப்பா."

"வாரேனுங்க. நாமக்கல்லுல எனக்கும் ஒரு சோலி இருக்குதுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. மத்த நாலு பேருத்துக்கும் ஆடாமயே ஒரு புள்ளி உழுகுது. நான் அவ்வளவு தூரம் வந்து தோத்துட்டுப் போனா நாயமுங்களா? அந்தப் புள்ளி எனக்கும் உழுந்துட்டா எல்லாத்துக்கும் சமமுங்க."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் கொடுமை. விதியை எழுதும்போது நான் யோசிக்காத நியாயம். சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, உடனே சரி என்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு வந்தார். மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசைமேல் அட்டையை விரித்தோம். எனக்கு வெள்ளைக் காய். தொடக்கத்தில் நன்றாகவே ஆடினேன், கை தானாக நல்ல நகர்த்தலுக்குத்தான் போனது. பன்னிரண்டு நகர்த்தல் முடிந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மாறியிருந்தது, சந்தோஷமாக.

"நல்லா வந்துருக்குதுங்க்கா. பேசுனதெல்லாம் உடுங்க. நெசமாவே ஆடிப் பாக்கலாமுங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டால் இவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். நாளைக்கு ஞாயிறு. எனக்கு வேறு ஆள் இல்லை. "வேண்டாம்ப்பா, பேசின மாதிரியே முடிச்சுக்கலாம்" என்றேன். பத்தொன்பதாவது நகர்த்தலில் என் யானையைக் கொண்டுபோய் அவருடைய சிப்பாய்க்கு நேரே வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அதை எடுத்து ஓரமாக வைத்தார். இன்னும் நான்கு நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். காப்பி வேண்டாம் என்று போய்விட்டார். மகள் வெளியே வந்து, "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றாள். நாமக்கல் வந்தபின் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் காய்களைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டேன்.

என் ஐந்து ஆட்டங்களும் பட்டியலில் நின்றன. நிம்மதியாக நான்கு நாள் தூங்கினேன். ஸ்கோர் ஷீட்டுகளைச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம்; ஐந்தாம் நாள் இதையும் போட்டார். எல்லோரும் செஸ் ஆடுகிறவர்கள். பத்தொன்பதாவது வரியைப் படித்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. லீக் ஒன்பது வாரமும் முடிந்து, தறிக்காரர் நான்காவதாக வந்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வானார். கணக்கு ஆசிரியர் அரைப் புள்ளி குறைந்து இரண்டாவதாக வந்தார். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் ஒரு முறைகூட அவர் எனக்குப் போன் செய்ததில்லை.

"மேடம், இரண்டாவது வந்ததுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா மாடியில பேசிக்கறாங்க. ஒரு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தவங்க இன்னொரு ஆட்டத்தைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டாங்களான்னு. நான் உங்களுக்குப் பேசி வச்சுத் தோத்தேன்னு சொல்றாங்க."

எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நீளமான வாய், அன்று வரவில்லை.

"நான் நிஜமாத்தான் தோத்தேன். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்களேன் மேடம்."

நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு உடனே செயலாளரைக் கூப்பிட்டேன். ஐந்தாவது ஆட்டம் பொய் சார், நான் வேண்டுமென்றே தோற்றேன், அதை நீக்குங்கள், அப்போது நான்குதான் ஆகும், என் பெயர்மேல் கோடு போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு மாதத்துக்கு முன்னால் எதற்குப் பயந்து ஊரெல்லாம் கெஞ்சினேனோ, அதையே இப்போது கெஞ்சிக் கேட்டேன்.

அவர் முழுவதும் கேட்டார். கோபமே இல்லாமல் பேசினார்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்குதுங்க மேடம். கையெழுத்துப் போட்ட தாளே முடிவு, யாரும் மாத்த முடியாதுன்னு எழுதியிருக்கு. போர்டுல உங்க கையெழுத்துலதான் இருக்கு."

அன்று மாலை குழுவில் நானே எழுதினேன். ஐந்தாவது ஆட்டத்தை விட்டுக் கொடுத்தது நிஜம், தப்பு என்னுடையது; மூன்றாவது ஆட்டம் நேர்மையாக நடந்தது, சார் நிஜமாகவே ஆடித் தோற்றார். அனுப்பிவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். ஒவ்வொருவராகப் படித்தது தெரிந்தது. பல் டாக்டர் படித்தார், பேங்க்காரர் படித்தார், செயலாளர் படித்தார். யாரும் பதில் போடவில்லை. வெகு நேரம் கழித்து ஒரே ஒருவர், ஆமாம் அது நிஜமான ஆட்டம்தான் என்பதுபோலக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டார்.

ஆட்டையாம்பட்டி தறிக்காரர்.