குறுக்கே நிற்பவர்

பஹ்ரைன் நாட்டு மனாமாவில் நான் வார்டு பாயாக இருந்த மருத்துவமனைக்கு, ஓர் அமெரிக்கரை அவ்வூரில் வேலை பார்த்த அவருடைய மகள் கூட்டிவந்தாள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்கள் நாட்டுக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்றவர். பந்து வைத்திருப்பவனை எதிரணி நெருங்காமல் மறித்து மோதுவதே அவர் வேலையாம். பந்தைத் தொட்டதே அபூர்வமாம்.

கதவை அடைக்கும் தோள்கள். கோணிப்போன விரல்கள். அத்தனை வருட மோதலில் மூளை பழுதாகியிருந்தது. யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து குறுக்கே நின்றுவிடுவார்.

ஒரு காலை, தெளிவாக இருந்த நேரத்தில் ஆங்கிலத்தில் கெஞ்சினார்: "என் கைகளைக் கட்டிலோடு கட்டிவிடு. நேற்று மகளைக் கீழே தள்ளிவிட்டேன். இன்னொரு தடவை நடந்தால் தாங்க மாட்டேன்."

யாழ்ப்பாணத்து நர்ஸிடம் ஓடினேன். "அக்கா, அவரே கட்டச் சொல்றாருக்கா!"

"டொக்டர் சொல்லாமல் கட்டேலாது தம்பி. நீர் பக்கத்தில இரும்."

அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் கட்டோடு மகள் வந்தாள். அவர் எழவில்லை. என் பிடியை உதறி, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"யாரது?" என்று என்னிடம் கேட்டார்.

மகளைத் தெரியாதவர் கைகளை ஏன் மறைத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.