எதிரணிக் குரூப்பில் ஒரு தங்கை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊசி பிடிக்கத் தெரிவதைவிட முக்கியமாக வாயை மூடத் தெரிய வேண்டும். லேப் அக்காவுக்கு இரண்டும் தெரியும். பதினேழு வருடங்களில் அந்தத் தெருவின் பாதிப் பேருடைய சர்க்கரையும் கொழுப்பும் அவளுக்கு அத்துப்படி. கணவனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அவளுடைய தலைவலியெல்லாம் அண்ணன்தான். மின்விசிறியும் மோட்டாரும் பழுது பார்ப்பவன். ஒரு சிறிய இயக்கத்தின் வேட்பாளராக நகரமன்றத்துக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவன். நல்லவன். நல்லவர்கள் கூடி நடத்தும் இயக்கம் எவ்வளவு மந்தமாக இருக்க முடியுமோ, அவனுடையது அவ்வளவு மந்தம். இயக்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போடவும் செயற்குழுவில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். நான்கு பக்க அறிக்கை எழுதுவது ஓய்வுபெற்ற வாத்தியார். எழுதி, கையெழுத்தாகி, குரூப்பில் ஏறுவதற்குள் விஷயம் ஊசிப்போயிருக்கும். அந்த நான்கு பக்கத்தையும் முழுதாகப் படித்த ஒரே ஆள் வாத்தியார்தான் என்பது லேப் அக்காவின் கணிப்பு.

போன மழைக்காலத்தில் அவள் கணவனுக்கு அவசர அறுவை சிகிச்சை. அபூர்வ வகை ரத்தம், இரண்டு யூனிட் வேண்டும். இயக்கக் குரூப்பில் போடச் சொல்லிக் கெஞ்சினாள். தனிப்பட்ட கோரிக்கைக்கு விதியில் இடமில்லை, செயற்குழுவில் வைக்கிறேன் என்றார் வாத்தியார். அவள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் தயவில் எதிரணியின் குரூப்பில் சேர்ந்து, அழுகைக் குரலில் பதினைந்து விநாடி பேசி அனுப்பினாள். அரைமணிக்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஏழு பேர். எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. கணவன் பிழைத்தான். அவள் அந்தக் குரூப்பை விட்டு வெளியேறவில்லை, அண்ணனிடம் சொல்லவும் இல்லை.

இந்த வருடம் அண்ணன் நான்காவது முறையாக நின்றான். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருந்தபோதுதான் வினை வந்தது. அன்று காலை எதிரணிக் குரூப்பில் ஒரு குரல் பதிவு: அண்ணன் ஜெயித்தால் தெருக்கோடி மருத்துவமனையை மூடிவிடுவானாம். பச்சைப் பொய். அங்கே இரண்டாவது டாக்டர் கேட்டு மனுமேல் மனு போட்டவனே அவன்தான். பத்து மணிக்குள் தெரு முழுக்க அதே பேச்சு. மறுப்பு அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார் வாத்தியார்.

மதியம் ஒரு மணி வாக்கில் அண்ணன் லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"ஹார்டுவேர் கடைக்காரர் காலைல இங்க ரத்தம் குடுத்துட்டுப் போனதப் பாத்தேன். ரிசல்ட் என்ன?"

ஹார்டுவேர் கடைக்காரர்தான் எதிரணி வேட்பாளர். அவருடைய வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இருக்க வேண்டியதைப்போல் பலமடங்கு. காலையில் இயந்திரத்தின் கோளாறோ என்று மறுபடி ஓட்டினாள். அதே எண். நுண்ணோக்கியிலும் பார்த்தாள், ரத்தப் புற்றுநோய்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமேயில்லை. தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வரச் சொல்லி அவருக்குப் போன் செய்திருந்தாள்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது அண்ணே."

"சொல்ல வேணாம். உன் மூஞ்சியே சொல்லுது." அவன் கைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினான். "கையெழுத்தெல்லாம் கெடக்கட்டும். கடைக்காரருக்குப் பெரிய வியாதி, ஓட்டு வீணாப் போகும்னு நம்ம குரூப்ல ஒரே வரி. அவனுங்க கிட்டேருந்து நாமளும் கத்துக்க வேணாமா?"

"கத்துக்க இதுதான் கெடைச்சுதா? அவங்க பொய் சொல்லியா ஜெயிக்கிறாங்க? தண்ணி வரலன்னா பத்து நிமிஷத்துல பதில் சொல்றாங்க. ரத்தம் வேணும்னா ஆள் வருது. வருஷம் பூரா கூடவே இருக்கிறதால கடைசி நாள்ல பொய் சொன்னாலும் நம்புறாங்க. நம்ம குரூப்ல யாராவது அழுதா யாருக்குக் கேக்கும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அந்தக் குரூப்லதான் இருக்கேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கூடவே இருந்து குழி பறிச்சிருக்க."

"உன் மாப்பிள்ளை உசுரோட இருக்கறதே அவங்களாலதான்."

அவன் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பிடுங்கினால் கைகலப்பாகும், கத்தினால் ஊர் கூடும். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் யாரோ தட்டினார்கள். ஹார்டுவேர் கடைக்காரர். இரண்டு மணி நேரம் முன்னதாகவே, தன்னந்தனியாக வந்திருந்தார்.

"மூணு மணிக்கு ஊர்வலம் இருக்கும்மா. அதான் இப்பவே வந்துட்டேன்."

அவள் உறையை நீட்டினாள். வேறு வழியில்லை. அவர் அங்கேயே பிரித்தார். எண்கள் புரியாவிட்டாலும் பக்கத்தில் சிவப்பில் அச்சாகியிருந்தது புரிந்தது.

"என்னம்மா இது?"

"இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. ஊர்வலமெல்லாம் வேணாம். வீட்ல யாரையாவது கூப்பிடுங்க."

"பையன் வெளியூர்ல..." என்றவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். அப்போதுதான் உள்ளே நின்ற அண்ணனைப் பார்த்தார், அவன் கையிலிருந்த கைபேசியையும் பார்த்தார். "தம்பி, தயவு செஞ்சு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அந்த நிமிடத்தைப் போல நீளமான நிமிடம் லேப் அக்காவின் வாழ்க்கையில் வந்ததில்லை. பிறகு அண்ணன் தட்டியதை அழித்தான். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினான். அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டான்.

எதிரே தேநீர்க் கடை. வேலையற்றவன் ஒருவன் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

எட்டே நிமிடத்தில் படம் எதிரணிக் குரூப்புக்கு வந்துவிட்டது. கீழே ஒரு வரி: "தோல்வி பயத்தில் நம் வேட்பாளரிடம் சரணாகதி!" கைதட்டல்கள், சிரிப்புப் பொம்மைகள். அடுத்த ஐந்தாவது நிமிடம், ஒரு கையெழுத்தும் இல்லாமலேயே, அதே படம் இயக்கக் குரூப்பிலும் வந்தது. விலை போய்விட்டான் என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். லேப் அக்கா விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு அழுதாள். பதினைந்து விநாடி பேசினால் போதும், அண்ணன் மானம் தப்பிவிடும். ஆனால் கடைக்காரரின் ரகசியம் வெளியே போய்விடும்.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"டீக்கடைல எவனோ போட்டோ எடுத்தானே, போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க அண்ணே. நம்ம ஆளுங்களே நீ விலை போயிட்டேன்னு எழுதறாங்க. நான் ஒரு வார்த்தை..."

"எதுவும் பேசாத." பின்னால் ஆஸ்பத்திரியின் இரைச்சல் கேட்டது. "அவரோட பையன் வந்து சேர ராத்திரி ஆயிடுமாம். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."