கவிழ்த்து வைத்த இரண்டு ஆஸ்

பிறர் கவிழ்த்து வைத்த சீட்டைப் புரட்டிப் பார்ப்பது இழிசெயல். சென்ற ஞாயிறு பிற்பகல், கடலூரில் என் வீட்டு உணவு மேசையில், அந்த இழிசெயலை நான் செய்தேன்.

ஓர் ஆஸ்... இன்னோர் ஆஸ்!

போக்கர் ஆட்டத்தில் இதைவிடப் பலமான தொடக்கம் கிடையாது. அதைப் பெற்றவரோ, "நான் விட்டுட்டேன் சார்" என்று கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். ஏன்?

அவர் பெயர் இளவரசன். சிதம்பரம் கீழவீதியில் வீடு. என் மகள் கயல்விழி, மணந்தால் இவரைத்தான் மணப்பேன் என்று சொல்லியிருக்கும் இளைஞர். மூன்று வாரங்களாக நான் ஒப்புதலும் தரவில்லை, மறுக்கவும் இல்லை. படிப்பு, வேலை, குடும்பம் — எதிலும் குறை தென்படவில்லை. குறையே தென்படாத மனிதரிடத்தில்தான் எனக்கு ஐயம் மிகுதியாக எழும்.

அன்று அவர் முதன்முறையாக வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவரும் நானும் மின்விசிறியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். நிலைமையைக் காக்க முன்வந்தவர் என் மனைவியின் தம்பி வேலாயுதம். பண்ருட்டியில் முந்திரி வணிகம் செய்பவர். இந்தத் திருமணம் நடந்தே தீரவேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நிற்பவர்.

"இப்பிடி மூஞ்ச மூஞ்சப் பாத்துகினு உக்காந்தா என்னா ஆவறது மாமா? வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்" என்று சீட்டுக்கட்டை எடுத்தார். பந்தயத்துக்கு அவர் கொண்டுவந்திருந்த முந்திரியே போதும் என்று முடிவாயிற்று.

நான் அறிந்தது ரம்மி மட்டுமே. போக்கரை அவரே விளக்கினார். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில்; ஐந்து சீட்டு மேசையில், எல்லோருக்கும் பொதுவாக. இரண்டையும் ஐந்தையும் சேர்த்து எவர் கை வலிமையானதோ அவருக்கு வெற்றி. எளிதுதானே?

எளிதன்று. முதல் ஆட்டத்திலேயே எனக்கு இரண்டு ராணிகள் வந்தன. ஒருவரும் அறியக்கூடாது என்று பந்தயத்தை ஏற்றாமல் பதுங்கியிருந்தேன். நாலும் அஞ்சும் வைத்திருந்த வேலாயுதம், மேசைச் சீட்டுகளின் துணையோடு என்னைச் சாய்த்தார்.

"ஜோடி ராணிய வெச்சிகினு எதுக்கு மாமா பம்முனீங்க? நல்ல சீட்டு வந்தா மொதல்லியே ஏத்தணும். ஏத்துனாதான் என்னாட்டம் ஒப்பேத்தறவன் ஓடுவான். சும்மா வுட்டா கண்டவனும் உள்ள பூந்துடுவான். அதுக்குன்னு ஒரே அடியா ஏத்தி எல்லாரையும் தொரத்திறாதீங்க!" — சொல்லிக்கொண்டே தம் பந்தயத்திலிருந்து நான்கு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் எனக்கு இரண்டு பத்து. சொன்னபடியே இருபது முந்திரியை முன்னே தள்ளினேன். வேலாயுதம் விலகினார். இளவரசன் தம் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையலறை வாயிலில் நின்ற கயல்விழியைப் பார்த்தார், கவிழ்த்தார். அதன் பின்புதான் என் இழிசெயல்.

அவர் திரும்பி வந்ததும் இயல்பாகக் கேட்டேன்: "தம்பி, என்ன சீட்டு வைத்திருந்தீர்கள்?"

"ரெண்டும் ஏழும் சார். ஒண்ணுத்துக்கும் ஆவாது."

கண் இமைக்கவில்லை. குரல் பிசகவில்லை. இரண்டு ஆஸை இவ்வளவு நேர்த்தியாக மறைப்பவர், நாளை என் மகளிடம் எதைத்தான் மறைக்கமாட்டார்?

சமையலறைக்குள் சென்று மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "அவர் பொய் சொல்கிறார். கையில் இருந்தது இரண்டும் ஏழும் அன்று; இரண்டு ஆஸ்."

"உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

நான் தண்ணீர்க் குவளையைத் தேடினேன்.

"கவுத்து வெச்சதப் பாத்தீங்களா? அய்யோ அப்பா! நான்தான் சொன்னேன், அப்பாவ ஜெயிக்க வுடுங்கன்னு. தோத்தா ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசமாட்டீங்க. அப்பறம் எங்கேருந்து சம்மதம் கேக்கறது?"

"ரெண்டு நாளா? நாலு நாளு" என்றாள் என் மனைவி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

எனக்குச் சுருக்கென்றது. ஐயம் அடங்கவில்லை, ஆள்தான் மாறியது. முப்பது ஆண்டுகளாக ரம்மியில் என் மனைவி என்னிடம் தோற்றுவருகிறாளே... அவள் எத்தனை முறை நல்ல சீட்டைக் கவிழ்த்திருப்பாள்? உங்கள் வீட்டிலும், நீங்கள் வென்றதாக நம்பும் வாக்குவாதங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முகம் சுளிக்கும் ஒருவருக்காக மற்ற எல்லோரும் இரண்டும் ஏழும் வைத்திருப்பதாகச் சொல்லவில்லையா?

மேசைக்குத் திரும்பினேன். "தம்பி, உங்கள் சீட்டை நான் பார்த்துவிட்டேன். தவறு என்னுடையது."

அவர் முகம் சிவந்தது. "சாரி சார்... நானும் பொய் சொல்லியிருக்கக் கூடாது."

"இன்னோர் ஆட்டம் ஆடுவோம். நல்ல சீட்டு வந்தால் ஏற்ற வேண்டும். இந்த வீட்டில் எனக்காக எவரும் இனித் தோற்கக் கூடாது."

வேலாயுதம் கலைத்துப் போட்டார். எனக்கு இரண்டு ராஜா! இளவரசன் இம்முறை சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. தம் முந்திரி முழுவதையும் இரு கைகளாலும் தள்ளினார். மெய்யா, துணிவைக் காட்டும் நடிப்பா? நடிப்பென்றே ஐயுற்றேன். என்னிடம் இருந்த அனைத்தையும் வைத்தேன்.

அவர் விரித்தார். இரண்டு ஆஸ். மேசைச் சீட்டுகள் ஐந்தும் எனக்கு உதவவில்லை.

கயல்விழி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு நாள் அமைதி தொடங்கிவிட்டதோ என்று அஞ்சியிருப்பாள்.

"திருவந்திபுரம் கோயிலில் திருமணத்துக்கு நாள் பார்த்துவிடலாம்" என்றேன்.

"சரிங்க மாமா" என்றார் இளவரசன். அதுவரை நான் அவருக்கு வெறும் சார்.

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரே பிற்பகலில், ஒரே ஆளுக்கு, இரண்டு முறை ஜோடி ஆஸ்... இரண்டு முறையும் சீட்டுப் போட்டவர் வேலாயுதம்!

தொலைபேசியில் கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்திரி எத்தினி கிலோ வேணும் மாமா?" என்கிறார்.