மாரடிக்காத சாவு

செல்வராணி டீச்சர் போன செய்தி, தெரணியகலை டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "டீச்சர் முடிஞ்சிட்டாங்க, ஏறுங்க" என்றார். வழியெல்லாம் எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞானம், நான் கணக்கு. தோட்டத்தில் அவளைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். எனக்கு அவள் தோழி, அப்படியே எழுதுகிறேன்.

கொழுந்தெடுக்கும் மாரியாயிக்கு மார்பில் கட்டி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பால் கட்டிக்கொண்டது, நசுக்கினால் கரையும் என்று லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் முடிவு கட்டினார்கள். இரண்டு பேர் கைகளை அமுக்கிப் பிடிக்க, அவளுடைய மாமியார் அம்மிக் குழவியைச் சூடாக்கி மார்பில் வைத்து உருட்டினார். அலறல் பள்ளிக்கூடம் வரை கேட்டது. நாங்கள் ஓடிப்போனபோது தோல் கிழிந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. செல்வராணி குழவியைப் பிடுங்கிக் சாக்கடைக் கானுக்குள் எறிந்தாள். மாமியார் விறகுக்கட்டையால் அவள் தோளில் ஓங்கிப் போட்டார்.

"இன்னும் அடிங்க மாமி. அடிச்சி முடிச்சதும் இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டும் போனாள். ஒரு மார்பை எடுத்தார்கள், மாரியாயி பிழைத்தாள். திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில், மாரியாயியின் நெஞ்சுக் கட்டுத்துணிக்குள் குண்டு இருக்குமோ என்று சந்தேகித்து ஒரு பெண் போலீஸ் கைவைக்கப் போனாள். செல்வராணி சிங்களத்தில் போட்ட சத்தத்தில் பஸ்ஸே எழுந்து நின்றது.

சில வருடங்களில் அதே புற்றுநோய் அவளுக்கும் வந்து எலும்புக்கு இறங்கியது. மருந்து முடியைப் பிடுங்கியது, நகத்தைக் கறுப்பாக்கியது, வாயெல்லாம் புண்ணாக்கியது. அப்போதும் எனக்குப் பாடம்தான் நடத்தினாள்.

"ஒரு செல்லு ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்கிறது சரிபங்கா விழணும். இந்த நோய்ச் செல்லுக்குச் சரியாப் பிரியவே தெரியல. ஒண்ணுக்குக் கூட விழுது, ஒண்ணுக்குக் கொறைய. அந்தக் கோணல் பங்குலதான் வெறி புடிச்சி வேற எடத்துக்கும் பரவுது."

"அப்ப மருந்து என்ன செய்யுது?"

"கோணலை இன்னும் கோணலாக்குது. தாங்க முடியாம செல்லு செத்துப்போகுது. தாங்கிக்கிட்ட ஒண்ணு ரெண்டுதான் இப்ப என் எலும்பைக் கடிக்குது."

பிறகு, "நான் செத்தா எவளும் மாரடிக்கக் கூடாது. மாரு வாங்கின அடி போதும்" என்றாள்.

சாவு வீட்டில் பெண்கள் வழக்கம்போல வட்டமாக நின்று கையை ஓங்கினார்கள். முதலில் ஓங்கியவர் அந்த மாமியார்தான். மாரியாயி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எறக்குங்க மாமி. டீச்சர் வேணாம்னு சொல்லியிருக்காங்க."

கிழவி இழுத்துப் பார்த்தார். மாரியாயி விடவில்லை. பறை நின்றுவிட்டது. பிடித்த கை பிடித்தபடி இருக்க, கிழவி மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் மாருல கட்டி ஒண்ணு தட்டுப்படுது புள்ள. ரொம்ப நாளா. குழவி வச்சவ நான், யார்கிட்ட போயிச் சொல்றது?"

செல்வராணியைத் தெரிந்தவர்களே, அவளுடைய புத்தகங்களைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. அவள் ஆத்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் மாரியாயியும் நானும் கிழவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்.