அம்மாவின் பால்கட்டி

சுட்ட வெங்காயமும் மஞ்சளும் ஈரத்துணியில் வேகும் வாடைதான் என் தம்பி பிறந்த மாசத்தின் வாடை. உசிலம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், பிள்ளை பெற்றுக் கிடந்த அம்மாவின் இடது மார்பில் ‘பால் கட்டி’, கல்லாக இறுகிச் சிவந்து, தொட்டால் சுடுகிற அளவுக்கு வீங்கியிருந்தது.

அம்மாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பாள், ‘விண்ணு விண்ணுனு தெறிக்குதே’ என்று முனகுவாள், காய்ச்சலில் பல் அடித்துக்கொள்ளும். பசியில் வீறிடும் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அவள் பின்னாலேயே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் நடப்பதை நிறுத்தினால் செத்துப்போவாள் என்று எனக்கு ஏனோ ஒரு பயம்.

அப்பாவின் அக்கா அந்த வெங்காயப் பற்றை மாற்றி மாற்றிக் கட்டி, “பழுக்கட்டும், தானா ஒடையும்” என்றார். வாசலுக்கும் தொழுவத்துக்குமாக அலைந்துகொண்டிருந்த அப்பா, “மதுரைக்குக் கொண்டுபோனா, ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிக்கா காட்டுறது?” என்று மெல்லக் கேட்டது அம்மா காதில் விழுந்துவிட்டது.

“நான் செத்தா ஆம்பளைகதான தூக்கிட்டுப் போவீக? அப்ப வெக்கம் எங்க போகும்? வண்டியப் பூட்டுங்க!”

அப்பாவை அவள் எதிர்த்துப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அப்பா தொழுவத்து மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினார்.

மதுரையில் பெண்கள் ஆசுபத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். “காம்பு வெடிப்பு வழியாக் கிருமி உள்ள போயிருக்கு. தேங்குன பால்ல பெருகிச் சீழ் கோத்துருச்சு. இனிப் பத்துப் போட்டுப் பிரயோசனமில்ல, கீறித்தான் விடணும்” என்றவர், அப்பாவைப் பார்த்து, “இன்னும் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்” என்றார்.

கதவுக்குப் பின்னால் அம்மா ஒரே ஒருமுறை கத்தினாள். நர்ஸ் எங்களை உள்ளே விட்டபோது, பேசின் நிறையச் சீழும் ரத்தமுமாக இருக்க, அம்மா கண்மூடி அசையாமல் கிடந்தாள். அவள் அசையாமல் கிடந்து பார்த்தே பல நாளாகியிருந்ததால் நான் அலறிவிட்டேன்.

“கத்தாதடி. வலி போச்சு” என்று கண் திறக்காமலே சொன்னவள், தம்பியை வாங்கி மற்ற மார்பில் போட்டுக்கொண்டாள்.

மேல்தோல் முந்தி மூடிவிடாமல் புண் உள்ளிருந்தே ஆறவேண்டும் என்று, அதில் மருந்துத் திரி வைத்து நாள்தோறும் மாற்றினார்கள். தழும்போடு ஊர் திரும்பிய அம்மா, அதன்பிறகு எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தெருவில் நின்றே, “காம்பு வெடிச்சிருக்காடி? பாலு கட்டுனா பீய்ச்சி விடு, ஒளிக்காத!” என்று கூவுவாள், வயசுப்பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள்.

என் மகளுக்கும் அப்படிக் கட்டியது. தொடக்கத்திலேயே காட்டியதால் மாத்திரையிலேயே வடிந்துவிட்டது. கத்தியும் இல்லை, திரியும் இல்லை. வெட்கங்கெட்டுக் கூவிக் கேட்கும் அந்தக் குரலும் இப்போது எந்தத் தெருவிலும் இல்லை.