துப்பட்டியில் எழுந்த பச்சைப் பெயர்

தம்பிக்குக் காய்ச்சல் இறங்காமல், மட்டாஞ்சேரியில் எங்கள் வீடே பேச்சற்றுக் கிடந்த நாட்கள் அவை. ஐம்பதுகளின் கடைசி. அன்று அத்தா மிளகுப் பண்டகசாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். என்னையாவது சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மாமா போட் ஜெட்டியில் ஓர் அட்டை வாங்கி வந்தார். வெள்ளை அட்டையில் சிவப்பாக அல்லாஹ்வின் திருப்பெயர்; நடுவில் ஒரு புள்ளி.

"இமைக்காம புள்ளியைப் பாரு மோளே. நான் சொன்னதும் சுவரைப் பாரு."

பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரில் அதே பெயர் பச்சையாக நின்றது! பயபக்தியில் தலையைக் குனிந்தேன். பெயரும் கூடவே இறங்கி என் காலடியில் வந்து விழுந்தது.

"மாமா, எடுங்க! மிதிச்சிருவேன்!"

கண்ணை மூடினால் அங்கேயும் நின்றது. எங்கே பார்த்தாலும் பாவமாகிவிடுமே என்று ஒற்றைக்காலில் நின்று அழுதேன்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கொக்கு மாதிரி நிக்காதே. அது தரையில இல்ல, உன் கண்ணுல இருக்கு. நீ எங்க பார்க்கிறியோ அங்க வரும்."

தம்பிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "எங்க பார்த்தாலுமா அண்ணே?"

"வெளுப்பா இருந்தாப் போதும்."

மாமா மருந்து வாங்கப் போனதும், அம்மா தன் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தம்பியைக் கழுத்துவரை போர்த்தினார். அட்டையை வெறித்துப் பார்ப்பார். பிறகு தம்பியின் மார்பைப் பார்ப்பார். பெயர் மங்கினால் மறுபடியும் அட்டை. உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. இமைக்காத கண்களிலிருந்து நீர் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தா வந்தார். வெள்ளைக்குள் கிடந்த பிள்ளையையும், கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த அம்மாவையும் கண்டவர், "யா அல்லாஹ்!" என்று அலறி, நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் போடாதீங்க," என்றார் அம்மா, பார்வையை எடுக்காமலே. "கலைஞ்சிரும்."

தம்பி விழித்து வீறிட்டான். அத்தா பாய்ந்து வந்து துப்பட்டியை உருவி எறிந்தார். மிளகுத் தூசிச் சட்டையோடு அவனை வாரி அணைத்துக்கொண்டு, அவன் அழ அழச் சிரித்தார்.

தம்பி பிழைத்தான், எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளுத்து வைத்த துணியை அம்மா எடுத்ததற்கா இத்தனை கோபம்? பாவம் அம்மா என்று அந்தத் துப்பட்டியை எடுத்து உதறி, மறுபடியும் தம்பிக்குப் போர்த்தப் போனேன். ஒருநாளும் அடிக்காத அத்தா, என் கையைத் தட்டிவிட்டார்.