இடஞ்சுழி நட்டு

நல்லகாமன் எந்த வண்டியின் நட்டைக் கழற்றினாலும் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டான். முதலில் போல்ட்டின் முனையைக் கட்டைவிரலால் துடைப்பான். அழுக்குப் போகாவிட்டால் எச்சில் தொட்டுத் துடைப்பான். பிறகு கன்னம் சக்கரத்தில் உரசும்படி குனிந்து, முனையில் ஓடும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பான்.

"என்ன மாப்ள, நட்டுக்குச் சாதகம் பாக்குறியா?" என்று ஷெட்டில் கேலி செய்வார்கள்.

"சாதகம் இல்லண்ணே, சுழி," என்பான்.

அந்தச் சுழியின் கதை அவன் அக்கா ஒச்சாயிக்குத் தெரியும். அது நடந்த அன்று அவளும் அந்த வண்டியில் இருந்தாள்.

அவர்கள் திருமங்கலத்துக்காரர்கள். அப்பா போன பிறகு நல்லகாமன் மதுரைக்குப் போய் ஒரு மோட்டார் ஷெட்டில் வேலை பழகி, பிறகு பஸ் டிரைவரானான். ஒச்சாயி மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எதிலும் வரிசை வேண்டும் அவளுக்கு. தம்பி வீட்டுக்கு வந்தால் அவனுடைய ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவி, சிறிசிலிருந்து பெரிசு வரை சாக்கில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள். உன் தம்பிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "வண்டிக்கு வைத்தியம்" என்பாள். டிரைவர் என்று சொல்வது அவளுக்குக் குறைவாகப் பட்டது.

அவர்களின் தாய்மாமன் மலைச்சாமிக்கு அந்த வைத்தியத்தில் மதிப்பில்லை. அவர் மாட்டுத் தரகர். உசிலம்பட்டிச் சந்தையில் அவர் தடவிப் பார்க்காத மாடு கிடையாது. அவருடைய மகள் பாண்டியம்மாள் நல்லகாமனுக்கு முறைப்பெண். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். மாமனுக்கும் தெரியும்.

"மல்லாக்கப் படுத்து இரும்பைப் பாக்குறவனுக்கு என் மகளைக் குடுக்கவா? அதுக்கு வாலு உண்டா, பல்லு உண்டா? எத வச்சு அவனை மதிப்புப் போடுறது?" என்பார்.

போதாக்குறைக்கு ஆண்டிச்சாமி என்ற சம்சாரி தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தார். நாலு ஜோடி உழவுமாடு கட்டியிருப்பவர். ஆவணி மாதச் சந்தையன்று நேரில் பதில் சொல்வதாக மலைச்சாமி வாக்குக் கொடுத்துவிட்டார். அது 1936ஆம் வருஷம்.

அந்தச் சந்தையன்றுதான் ஒச்சாயி தம்பி ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள். வழியில் மாமன் ஏறுவார், சந்தை போய்ச் சேர்வதற்குள் பேசி அவர் மனதை மாற்றிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. மாமனும் ஏறினார். வெள்ளை வேட்டி, வெற்றிலைச் சிவப்பு. அவள் வாயைத் திறந்து, "மாமா, பாண்டியம்மா விசயமா..." என்றாள். அதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நொண்டி, கருவேலங்காட்டை ஒட்டி நின்றுவிட்டது. பின்பக்க இடது சக்கரத்தில் காற்றில்லை.

"மாடு படுத்துருச்சா?" என்றார் மலைச்சாமி. வண்டி முழுக்கச் சிரிப்பு.

"மாடில்ல மாமா, டயரு. இந்தா, வெத்தல போட்டுத் துப்புறதுக்குள்ள மாத்திருவேன்," என்று நல்லகாமன் குதித்து இறங்கினான்.

வண்டி அவனுக்குப் புதிது. மலைத்தோட்டம் ஒன்றில் ஓடிய வண்டியை முதலாளி அப்போதுதான் வாங்கியிருந்தார். சக்கரத்து நட்டுகள் செம்மண்ணும் துருவுமாக ஒட்டிக் கிடந்தன. நல்லகாமன் ஸ்பேனரை மாட்டினான். வேலை பழகிய ஷெட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: கோயில் சுற்றுகிற பக்கம் சுற்றினால் நட்டு இறுகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கழலும். அவன் எதிர்ப்பக்கம் அழுத்தினான். அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கி அழுத்தினான். அப்போதும் அசையவில்லை.

"துருப் பிடிச்சு இறுகிப் போச்சுண்ணே," என்றான் கண்டக்டர் சின்னான்.

"நீயும் ஏறு."

இரண்டு பேரும் குழாய்மேல் ஏறிக் குதித்தார்கள். ஸ்பேனர் 'டணக்' என்று நழுவியது. சின்னான் கருவேல முள்ளில் போய் உட்கார்ந்தான். நட்டின் ஆறு மூலையும் மழுங்கி, அது மொட்டைத் தலை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது.

அதே வண்டியில் வெற்றிலைக் கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த இருளாயிக் கிழவி, "நட்டுக்கு முடியெடுத்தாச்சு. காது எப்பக் குத்தப் போறீக?" என்றாள்.

ஒச்சாயிக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஒரு கணம் அவளுக்கு ஓர் ஆசையும் வந்தது. இந்த நட்டு கழலாமலே இருந்தால் மாமன் சந்தைக்குப் போக முடியாது. ஆண்டிச்சாமிக்கு வாக்கும் கொடுக்க முடியாது. அடுத்த கணம் தலையில் அடித்துக்கொண்டாள். கழலாவிட்டால் தம்பியின் பேர் இங்கேயே போய்விடும். பேர் போனவனுக்கு எந்த மாமன் பெண் கொடுப்பான்? கழல வேண்டும், கழலத்தான் வேண்டும் என்று குலசாமி இருக்கும் கருமாத்தூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

நல்லகாமன் இரண்டாவது நட்டில் ஸ்பேனரை மாட்டினான். மலைச்சாமி இறங்கி வந்து சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். செய்ய வேலையில்லாத தரகருக்குக் கண் சும்மா இருக்காது. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இதுல ஓடுதே கோடு, இது என்ன?"

"அதுதான் மாமா மரை. அதப் புடிச்சுத்தான் நட்டு ஏறும்."

"எல்லாத்துக்கும் ஒரே சுழியா?"

"ஒரே சுழிதான். வலஞ்சுழி."

"இது இடஞ்சுழியால்ல இருக்கு."

நல்லகாமன் சிரித்தான். "அப்படி ஒண்ணு கிடையாது மாமா."

"முப்பது வருசமா மாட்டுக்குச் சுழி பாத்துத் திங்கிறேன்டா. எனக்கே சுழி சொல்றியா?"

தம்பி பதில் சொல்வதற்குள் ஒச்சாயி எழுந்து இறங்கி வண்டியைச் சுற்றி ஓடினாள். வலது சக்கரத்துப் போல்ட்டை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து இடது சக்கரத்தில் பார்த்தாள். மறுபடியும் ஓடினாள். பார்த்ததை இன்னொரு தரம் பார்க்காமல் அவள் எதையும் சொல்வதில்லை.

"டேய் காமா," என்றாள் மூச்சு வாங்க, "அந்தப் பக்கம் ஒரு சாய்வு, இந்தப் பக்கம் ஒரு சாய்வு. ரெண்டும் கண்ணாடியில பாத்த மாதிரி எதிரும் புதிருமா இருக்குடா."

நல்லகாமன் குனிந்து பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சக்கரம் உருளும் வேகத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று, இடது பக்கத்துக்கு மட்டும் மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். இந்தச் சக்கரத்தில் கோயில் சுற்றுகிற பக்கம் சுற்றினால்தான் கழலும். அவனும் சின்னானும் இத்தனை நேரம் ஏறிக் குதித்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்குள்ளிருந்து ஒருவர், "என்னப்பா, பழைய வண்டியக் குடுத்து முதலாளி ஏமாத்திட்டாரா?" என்று குரல் கொடுத்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. யாருக்கும் விவரம் தெரியாது. ஒச்சாயிகூட அவன் அப்படிச் சொன்னால் தேவலை என்று நினைத்தாள். நல்லகாமன் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "வண்டி மேல தப்பு இல்லங்க. நான்தான் பாக்காம மாத்திச் சுத்திட்டேன். நட்டையும் நான்தான் மொட்டையாக்குனேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

மலைச்சாமி வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார்.

மற்ற நட்டுகள் முக்கி முனகி வந்துவிட்டன. ஒச்சாயி அவற்றை முந்தானையில் வரிசை மாறாமல் முடிந்துகொண்டாள். மொட்டை நட்டு மட்டும் நின்றது.

"உளிய வச்சு ரெண்டாப் பொளந்துரலாமாண்ணே?" என்றான் சின்னான்.

"உளி தப்புச்சுன்னா போல்ட்டும் போயிரும். அது கடைசி வழி."

"தீய வச்சுச் சுட்டா?"

"பக்கத்துல டயரு, மேல பெட்ரோலு. எல்லாரும் சேந்து போயிரலாம்."

விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை நட்டின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டான். சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தான். ஓங்கி அடிக்கவில்லை.

"அடிச்சுப் போடாம என்ன தாலாட்டு?" என்றாள் இருளாயி.

"படுத்த மாட்ட அடிச்சா இன்னும் அழுத்திப் படுக்கும் ஆத்தா," என்று பதில் சொன்னவர் மலைச்சாமி. "தட்டிக் குடுத்துத்தான் எழுப்பணும். அவன் செய்யிறது சரி."

எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, நல்லகாமன் அரத்தை எடுத்தான். மழுங்கிய நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களை ராவித் தட்டையாக்கினான். "வலப்பக்கம் கூடிப் போச்சு, இடப்பக்கம் இன்னும் ஒரு இழுப்பு," என்று ஒச்சாயி கண்ணைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நட்டு கொஞ்சம் மெலிந்ததும், அடுத்த சின்ன ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டி அதன்மேல் இறுக்கமாக ஏற்றினான். இரண்டு கையாலும் பிடித்து, கோயில் சுற்றுகிற பக்கமாக மெதுவாக அழுத்தினான்.

நட்டு 'கிறீச்' என்று கத்தியது. வண்டியே கத்தியது போல இருந்தது. பிறகு வழவழவென்று சுற்றி அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"மொட்ட மலையிறங்கிருச்சு!" என்று இருளாயி குலவை போட்டாள். நல்லகாமன் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தை ஏற்றி, பெட்டியில் இருந்த இடஞ்சுழி நட்டு ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் இறுக்கினான். ஒச்சாயி ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தாள்.

மலைச்சாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஏன்டா, வண்டி மேல பழியப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்? எதுக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால ஒத்துக்கிட்ட?"

"மாத்திச் சுத்துனது நான்தான மாமா?"

"சந்தையில ஒரு பயலும் தன் மாட்டுக் குத்தத்தத் தானாச் சொல்லி நான் பாத்ததில்ல. கெட்ட சுழி மேல மஞ்சளத் தடவித்தான் ஓட்டிட்டு வருவான்." பிறகு, "கைய நீட்டு," என்றார்.

"கை பூரா மசகு மாமா."

"நீட்டுடாங்கிறேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கையின்மேல் போட்டார். சந்தையில் தரகர்கள் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். இத்தனை விரலுக்கு இத்தனை என்று இரண்டு பேருக்கு மட்டும் புரியும். வெளியே இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

நல்லகாமன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காது சிவந்தது.

"எத்தன விரலுடா?" என்றாள் ஒச்சாயி.

"அஞ்சையும் புடிச்சாரு, அக்கா," என்றான்.

மலைச்சாமி துண்டை உதறினார். அதில் ஒரு கருப்புக் கை அச்சாகப் பதிந்திருந்தது. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். "எடுங்கப்பா. ஆண்டிச்சாமி காத்திருப்பாரு. இல்லங்கிறதையும் நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாத."

சின்னான் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை வண்டியின் முன்னால் செருகிக்கொண்டு, "அண்ணே, இத எந்தப் பக்கம் சுத்தணும்? பாத்துச் சொல்லிருங்க," என்றான். வண்டியில் சிரித்து அடங்க நேரமாயிற்று.

எஞ்சின் உறுமிக் கிளம்பியது. இது ஆவணி. ஒச்சாயி தன் இடத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு மாதங்களை விரல் விட்டு எண்ணினாள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்தி, இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். தைதான்.